புது கியர் பாக்ஸ், பழைய குப்பை

கீழ்பென்னாத்தூர் பக்கம் கிணற்று மோட்டார் எரிந்து போனால் விவசாயி என்ன செய்வார்? புது மோட்டார் வாங்குவார். ஆனால் வாங்கிய கையோடு அதை அப்படியே கிணற்றில் இறக்கிவிட மாட்டார். பழைய மோட்டார் ஏன் எரிந்தது என்று பார்ப்பார். குழாயில் சேறு அடைத்திருக்கிறதா, ஃபில்டரில் மண் கட்டியிருக்கிறதா என்று கழற்றிப் பார்ப்பார். சொட்டு நீர்ப் பாசனம் போட்டவர் என்றால் குழாயின் கடைசி மூடியைத் திறந்துவிட்டு அழுக்குத் தண்ணீர் போய் நல்ல தண்ணீர் வரும் வரை ஓடவிடுவார். இதற்கெல்லாம் யாரும் அவருக்குப் பாடம் எடுக்கவில்லை. அனுபவம்தான் ஆசான்.

அதே விவசாயி ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கியர் பாக்ஸ் போய்விடுகிறது. பட்டறையில் பிரித்துப் பழுது பார்த்து மாட்டிக் கொடுக்கிறார்கள். பில்லைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. சரி, போகட்டும் என்று கட்டிவிட்டு வருகிறார். சில மாதங்களில் அதே கியர் பாக்ஸ் மறுபடியும் போகிறது! காரணம் கேட்டால் "பார்ட்ஸ் சரியில்லை", "உங்க டிரைவிங் சரியில்லை", "வண்டி ராசி அப்படி" என்று ஆளுக்கொரு பதில் வருகிறது.

உண்மையான காரணம் பல நேரங்களில் வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கும். அதன் பெயர் ஆயில் கூலர். கியர் பாக்ஸைப் பிரித்தவர் கூலரைக் கழுவவில்லை. சேறு அடைத்த குழாயில் புது மோட்டாரை மாட்டிய கதைதான். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸைப் பிரிக்கும் எந்தப் பட்டறையும் கூலரைக் கழுவிச் சோதிக்காமல், அல்லது மாற்றாமல், வண்டியை வெளியே விடக் கூடாது. செய்ததைப் பில்லில் எழுதியும் தர வேண்டும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான். ஏன் என்று பார்ப்போம்.

கூலர் எதற்கு?

கைகியர் வண்டியில் கிளட்ச் பிளேட் இன்ஜினையும் கியர் பாக்ஸையும் நேராகப் பிடித்து இணைக்கிறது. டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக்கில் அந்த வேலையை எண்ணெய் செய்கிறது. ஒரு மின்விசிறியை ஓடவிட்டு அதற்கு எதிரே இன்னொரு விசிறியை வைத்தால், முதல் விசிறியின் காற்றில் இரண்டாவதும் சுற்றும் அல்லவா? காற்றுக்குப் பதில் எண்ணெய் என்று நினைத்துக்கொண்டால் ஏறக்குறைய அதுதான் டார்க் கன்வெர்ட்டர். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றாதபோது, இடையில் வீணாகும் சக்தி முழுவதும் வெப்பமாகிறது.

இந்த வெப்பம் எப்போது அதிகம்? வண்டி மெல்ல ஊர்ந்து ஊர்ந்து போகும்போதும், மேடு ஏறும்போதும். பௌர்ணமி இரவில் திருவண்ணாமலைக்குள் கார் ஓட்டியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கூட்டம் நடக்க, ஊருக்குள் வரும் சாலைகளில் வண்டிகள் அடி அடியாக நகரும். ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும், ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று கிடைக்காது. இன்னொரு பக்கம் ஜமுனாமரத்தூர் போகும் ஜவ்வாது மலை வளைவுகள். குடும்பத்தோடு ஆறேழு பேர் ஏறிக்கொண்டு சித்திரை வெயிலில் மலை ஏறினால் கியர் பாக்ஸுக்குள் எண்ணெய் என்ன பாடு படும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த எண்ணெய் ஏறக்குறைய 80 முதல் 90 டிகிரி செல்சியஸில் இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் எண்ணெயின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது இந்தத் தொழிலில் சொல்லப்படும் தோராயக் கணக்கு. சூடு மிஞ்சினால் எண்ணெய் கருகும், உள்ளே வார்னிஷ் போல ஒட்டும், ரப்பர் சீல்கள் இறுகும், கிளட்ச் வழுக்கும். வழுக்கினால் இன்னும் சூடு. வட்டிக்கு வட்டி போல இது ஏறிக்கொண்டே போகும்.

இதைத் தடுக்கத்தான் கூலர். பல கார்களில் அது ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள்ளேயே ஒளிந்திருக்கும் சின்னக் குழாய் அமைப்பு. சில கார்களில் ரேடியேட்டருக்கு முன்னால் தனியாக, மெல்லிய தகடுகளோடு நிற்கும். புதிய கார்கள் பலவற்றில் கியர் பாக்ஸின் மேலேயே அடுக்குத் தகடு போல ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதற்குள் ஒரு பக்கம் எண்ணெய், ஒரு பக்கம் ரேடியேட்டர் தண்ணீர் ஓடும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 2014-ல் மாருதி செலெரியோவோடு பரவலாக வந்த ஏ.எம்.டி. வண்டிகளுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. அவை அடிப்படையில் கைகியர் பெட்டிகள்தான். கிளட்சை மிதிக்கும் வேலையையும் கியர் மாற்றும் வேலையையும் ஒரு கருவி செய்கிறது, அவ்வளவே. டார்க் கன்வெர்ட்டர் வைத்த வண்டிகளும் சி.வி.டி. வண்டிகளும்தான் இந்தக் கட்டுரைக்கு உரியவை. 2016-ல் வந்த இன்னோவா கிரிஸ்டாவின் ஆட்டோமேட்டிக் ஓர் உதாரணம். சென்னையிலும் பெங்களூரிலும் சில ஆண்டுகள் ஓடிய இது போன்ற வண்டிகள் கைமாறி மாவட்டத்து ஊர்களுக்கு வருகின்றன. முதல் சொந்தக்காரருக்குக் கம்பெனி சர்வீஸ். இரண்டாவது, மூன்றாவது சொந்தக்காரருக்கு? அவர் ஊர்ப் பட்டறையைத்தான் நம்ப வேண்டும்.

குப்பை எங்கே போகிறது?

கியர் பாக்ஸ் கெட்டுப்போகும்போது உள்ளே கிளட்ச் பிளேட்டின் பூச்சு பொடிப்பொடியாக உதிர்கிறது. பித்தளைத் தூள், இரும்புத் தூள், அலுமினியத் தூள் எல்லாம் எண்ணெயில் கலக்கின்றன. அந்த எண்ணெய் கூலருக்கும் போய் வருகிறது. கூலரின் உள்ளே பாதை மிகக் குறுகல். வெப்பம் நன்றாக வெளியேற வேண்டும் என்பதற்காகச் சில கூலர்களில் எண்ணெயைக் கலக்கிவிடும் சுருள் தகடுகளும் உண்டு. பொடி அங்கே போய்த் தங்குவதற்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

மெக்கானிக் கியர் பாக்ஸை இறக்குகிறார், பிரிக்கிறார், கழுவுகிறார், புது பிளேட் போடுகிறார், புது சீல் போடுகிறார். எல்லாம் சுத்தம். ஆனால் கூலர் மட்டும் காரிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது, பழைய குப்பையோடு.

"கியர் பாக்ஸில் ஃபில்டர் இருக்கிறதே, அது பிடிக்காதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஃபில்டர் பொதுவாகப் பம்ப் எண்ணெயை உறிஞ்சும் வாயில், கீழே தொட்டியில் இருக்கிறது. பல கியர் பாக்ஸ்களில் கூலரிலிருந்து திரும்பும் எண்ணெய் நேராகத் தொட்டிக்குப் போவதில்லை. முதலில் பேரிங்குகளுக்கும் புஷ்களுக்கும் பற்சக்கரங்களுக்கும் மசகாகப் போகிறது. அதாவது கூலரில் ஒளிந்திருந்த இரும்புத் தூள் எந்த வடிகட்டியையும் சந்திக்காமல் புத்தம்புது பேரிங்குக்குள் நுழைகிறது. கூலர் பாதி அடைத்திருந்தாலோ இன்னும் மோசம். சூடும் தணியாது, மசகு எண்ணெயும் போதாது. புது கியர் பாக்ஸ் முதல் நாளிலிருந்தே பட்டினி!

அமெரிக்காவில் நடந்தது

கூலர் என்ற சின்னப் பொருள் பெரிய செலவு வைக்கும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் உண்டு. அமெரிக்காவில் விற்ற 2005 முதல் 2010 வரையிலான நிசான் பாத்ஃபைண்டர், எக்ஸ்டெர்ரா, ஃபிரான்டியர் வண்டிகளில் கூலர் ரேடியேட்டருக்குள்ளேயே இருந்தது. பல வண்டிகளில் உள்ளே விரிசல் விழுந்து ரேடியேட்டர் தண்ணீர் கியர் பாக்ஸுக்குள் போனது. ஆட்டோமேட்டிக் கிளட்ச் பிளேட்டின் பூச்சு காகிதம் போன்ற பொருள். அது பசையால் ஒட்டப்பட்டது. தண்ணீர் பட்டால் ஊறி உரிந்துவிடும். ரேடியேட்டரில் விழுந்த விரிசலுக்குக் கியர் பாக்ஸையே பலி கொடுக்க வேண்டியதாயிற்று. சொந்தக்காரர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். ரேடியேட்டருக்கான உத்தரவாதக் காலம் நீட்டிக்கப்பட்டது.

இன்னொரு பழைய கதையும் சுவாரஸ்யமானது. ஒரு காலத்தில் ஆட்டோமேட்டிக் எண்ணெயில் திமிங்கலத்திலிருந்து எடுத்த எண்ணெய் கலந்தார்கள், கிளட்ச் அதிராமல் பிடிப்பதற்காக. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா திமிங்கலங்களைப் பாதுகாக்கச் சட்டம் போட்டதும் அது நின்றது. ஜெனரல் மோட்டார்ஸ் வேறு பொருள் கலந்து டெக்ஸ்ரான் எண்ணெயைப் புதுப்பித்தது. அந்தப் புது எண்ணெய் கூலரை அரித்தது! பிறகு அரிப்பைத் தடுக்கும் பொருள் சேர்த்து இன்னொரு வகையை வெளியிட்டார்கள். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் ஹைட்ராமேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக்கை விற்கத் தொடங்கி அந்தத் துறைக்கே வழிகாட்டிய நிறுவனம் அது. முப்பது ஆண்டுக்கு மேல் அனுபவம் உள்ளவர்களுக்கே கூலர் வேலை காட்டியிருக்கிறது என்றால், "கூலர்தானே, அதில் என்ன இருக்கிறது" என்று ஒரு பட்டறை அலட்சியமாகச் சொல்வதை எப்படி ஏற்பது?

எப்படிக் கழுவ வேண்டும்?

வேலை ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் கூலருக்குப் போகும் ஹோஸ் எது, திரும்பும் ஹோஸ் எது என்று அடையாளம் காண வேண்டும். எண்ணெய் வழக்கமாக ஓடும் திசைக்கு எதிர்த் திசையில் முதலில் கழுவ வேண்டும். அடைப்பு எந்த வழியாக வந்ததோ அந்த வழியாகவே வெளியே தள்ளுவதுதான் எளிது. அதற்குப் பிறகு சரியான திசையிலும் ஒரு முறை. இதற்கென்றே விற்கும் கரைப்பானைத்தான் பயன்படுத்த வேண்டும். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் வேண்டாம். உள்ளே தங்கும் மிச்சம் புது எண்ணெயில் கலந்து அதன் குணத்தைக் கெடுக்கும். தண்ணீரோ கூடவே கூடாது, காரணம் மேலே சொல்லியாகிவிட்டது.

வெளியே வருவதை வெள்ளைத் துணியில் பிடித்துப் பார்க்க வேண்டும். கறுப்புப் பொடியா, மினுமினுக்கும் உலோகமா என்பது தெரியும். துணி சுத்தமாகும் வரை நிறுத்தக் கூடாது. சொட்டு நீர்க் குழாயின் கடைசி மூடியைத் திறந்து காத்திருக்கும் விவசாயியின் பொறுமைதான் இங்கும் தேவை. காற்று அடித்து ஊதும்போது கம்ப்ரஸரின் முழு அழுத்தத்தையும் கொடுத்தால் அலுமினியக் கூலர் வெடிக்கலாம். தயாரிப்பாளர் சொன்ன அளவோடு நிறுத்த வேண்டும். கடைசியாகக் கரைப்பான் முழுக்க வெளியேறிய பின் புது கியர் எண்ணெயைக் கொஞ்சம் ஓடவிட்டு வெளியேற்ற வேண்டும்.

இதோடு முடியவில்லை. கழுவியது போதுமா என்று அளந்து பார்க்க வேண்டும். எண்ணெய் நிரப்பி, திரும்பும் ஹோஸை ஓர் அளவு ஜாடிக்குள் விட்டு, இன்ஜினை ஐடிலில் ஓட்டி, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 20 வினாடியில் ஏறக்குறைய ஒரு லிட்டர் வர வேண்டும் என்பது பழைய வகை வண்டிகளுக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அந்தந்த வண்டிக்குரிய அளவு அதன் சர்வீஸ் கையேட்டில் இருக்கும், அதுதான் இறுதி. குறைவாக வந்தால் கூலரை மாற்றுவது தவிர வேறு வழியில்லை.

சில வண்டிகளில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது கூலருக்குப் போகாமல் குறுக்கு வழியில் திருப்பிவிடும் வெப்ப வால்வு இருக்கும். அதைக் கவனிக்காமல் கழுவினால் கரைப்பான் கூலருக்குள் போகாமலே ஒரு சுற்று சுற்றிவிட்டு வெளியே வந்துவிடும். துணி சுத்தமாக இருக்கும், கூலர் அழுக்காகவே இருக்கும்! அடுக்குத் தகடு வகைக் கூலர்களைக் கழுவுவது இன்னும் கடினம். கியர் பாக்ஸ் உலோகத் தூளாகச் சிதறிப் போயிருந்தால் அங்கே புதுசு போடுவதுதான் புத்திசாலித்தனம்.

சொந்தக்காரரும் பார்க்கக் கூடியது சில உண்டு. இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா? டிப் ஸ்டிக் உள்ள வண்டி என்றால், சிவப்பாக இருக்க வேண்டிய கியர் எண்ணெய் ரோஸ் மில்க் போல நுரைத்திருக்கிறதா? ஹோஸ் இணைப்புகளில் கசிவு ஈரம் இருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் வண்டியை ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

மெக்கானிக் மட்டும்தான் குற்றவாளியா?

இல்லை. எல்லாப் பழியையும் பட்டறை மேல் போடுவது சுலபம், ஆனால் நியாயம் இல்லை. ஊர்ப் பட்டறைகளில் வேலை செய்பவர்கள் பலர் கைகியர் வண்டிகளிலேயே தொழில் கற்றவர்கள். கைகியர் பெட்டியில் கூலர் என்ற பேச்சே பொதுவாகக் கிடையாது. வண்டி விற்ற நிறுவனங்களின் சர்வீஸ் கையேடுகள் அவர்கள் கைக்கு எளிதில் வருவதும் இல்லை. வந்தாலும் தமிழில் இருக்காது. கழுவும் இயந்திரம் வாங்கும் அளவுக்கு மாதம் எத்தனை ஆட்டோமேட்டிக் வண்டி வரப் போகிறது?

வாடிக்கையாளரும் சும்மா இல்லை. பில்லில் "கூலர் சர்வீஸ்" என்று ஒரு வரி இருந்தால் முதலில் அதைத்தான் அடிக்கச் சொல்வார். "கியர் பாக்ஸ்தானே போச்சு, இதை எதுக்கு நோண்டுறீங்க?" என்பார். பேரம் பேசிக் குறைக்க முடிகிற தொகையைக் குறைத்துவிட்டோம் என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போவார். வணிகவியல் படிக்கும் எந்த மாணவனும் இதைக் கணக்கு எழுதிப் பார்க்கலாம். சிறிய செலவைத் தவிர்ப்பது லாபம் அல்ல. அது பெரிய செலவைத் தள்ளிப்போடுவது. பற்று வைக்க வேண்டியதை இன்று வைக்காமல் விட்டால் நாளை அது காணாமல் போய்விடாது, வேறு தலைப்பில் பெரிய எண்ணாக வந்து நிற்கும்.

அந்த எண்ணைக் காப்பீடும் ஏற்காது. வழக்கமான வாகனக் காப்பீட்டில் தேய்மானமும் இயந்திரக் கோளாறும் விலக்கப்பட்டவை. மோதினால் பணம் வரும். கியர் பாக்ஸ் தானாகக் கெட்டால் வராது. ஆக முழுச் சுமையும் சொந்தக்காரர் தலையில். கீழ்பென்னாத்தூர் போன்ற ஊரில் பழைய கார் என்பது ஆடம்பரம் இல்லை. மல்லாட்டை விற்ற காசும் சீட்டுப் பணமும் சேர்த்து வாங்கியது. ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் அதுதான் ஓடுகிறது; சிலருக்கு வாடகை ஓட்டிப் பிழைப்பே அதுதான். அந்த வண்டி இரண்டாவது முறை பட்டறையில் நின்றால் ஒரு வீட்டின் வருடக் கணக்கே தலைகீழாகும்.

எதிர்க் கருத்தும் உண்டு

"இப்படியெல்லாம் எழுதினால் தேவையே இல்லாத வண்டிக்கும் ஃப்ளஷிங் என்று சொல்லிக் காசு பிடுங்குவார்களே?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பயம் சரிதான். நன்றாக ஓடும் வண்டிக்குக் கையேடு சொன்ன இடைவெளியில் எண்ணெய் மாற்றி, கசிவு இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். கூலரைக் கழுவுவது கியர் பாக்ஸ் பழுதாகிப் பிரிக்கப்பட்டபோது, அல்லது எண்ணெய் கருகியோ கலந்தோ போனபோது செய்ய வேண்டிய வேலை. எல்லாருக்கும் எப்போதும் விற்கும் வேலை அல்ல. செய்ய வேண்டிய நேரத்தில் செய்யாமல் விடுவதும், வேண்டாத நேரத்தில் விற்பதும் இரண்டுமே தப்புதான்.

அதனால்தான் பில் முக்கியம். கூலர் கழுவப்பட்டதா, மாற்றப்பட்டதா, ஓட்டம் அளந்தபோது எவ்வளவு வந்தது என்று ஒரே ஒரு வரி. அந்த வரி இருந்தால் நல்ல மெக்கானிக்குக்கும் பாதுகாப்பு. நாளைக்குப் பிரச்சினை வந்தால் "நான் செய்தேன்" என்று காட்டலாம். செய்யாதவர் மாட்டிக்கொள்வார். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி குறைபாடான சேவைக்கு எதிராக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. திருவண்ணாமலையிலேயே ஆணையம் இருக்கிறது. ஆனால் பில் இல்லாமல் அங்கே போய் என்ன காட்டுவது? ஜி.எஸ்.டி. மிச்சம் என்று துண்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு வருபவர் தன் ஆதாரத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்.

அரசும் நிறுவனங்களும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டு ஆண்டுப் படிப்பு. அங்கே படிக்கும் பையன் ஒரு கூலரையாவது தன் கையால் கழுவி, வெள்ளைத் துணியில் பிடித்துப் பார்த்து, ஓட்டம் அளந்துவிட்டு வெளியே வர வேண்டும். ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களுக்குத் தமிழில் நாலு பக்கக் கையேடு போட்டால்கூடப் போதும். இதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம், மனசு வேண்டும்.

அதுவரை வழி சொந்தக்காரர் கையில்தான். கியர் பாக்ஸ் வேலை முடிந்தது, வண்டியை எடுக்க வாருங்கள் என்று பட்டறையிலிருந்து போன் வரும்போது "எவ்வளவு ஆச்சு?" என்பதுதான் வழக்கமாக முதல் கேள்வி. அதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொள்ளலாம். முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "அண்ணே, கூலரை என்ன செஞ்சீங்க?"